மருத்துவமனைச் சாக்கடையில் பரவும் மரபணுவும் தூய்மைப் பணியாளரின் உடலும்

2008இல், புதுடெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. தீவிரத் தொற்றுகளுக்குக் கடைசித் துணையாகக் கருதப்படும் கார்பபெனெம் மருந்துகளும் அதனிடம் தோற்றன. காரணமான மரபணுவுக்கு நியூ டெல்லியின் பெயரால் ‘என்டிஎம்-1’ என்று பெயரிட்டனர். சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடம் அது காணப்படுவதை 2010இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்றிய அரசு அப்பெயரை எதிர்த்தது. நாட்டின் மானம் பற்றிய அவ்விவாதத்தில், அம்மரபணுவின் பாதையில் நிற்போர் யார் என்ற கேள்வி ஒதுங்கிப்போயிற்று.

மரபணு பரவும் முறையே அக்கேள்வியை எழுப்புகிறது. அது உருவாக்கும் நொதி, மருந்து மூலக்கூறின் மைய வளையத்தை உடைத்துவிடுகிறது. பெரும்பாலும் அது பிளாஸ்மிட் எனப்படும் தனி டிஎன்ஏ வளையத்தில் அமர்ந்திருக்கிறது. அவ்வளையத்தைப் படியெடுத்து, வேற்று இனப் பாக்டீரியாவுக்கும் ஒரு பாக்டீரியாவால் கையளிக்க இயலும். நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்களும் மருந்து எச்சங்களும் கலக்கும் மருத்துவமனைக் கழிவுநீர் இப்பரிமாற்றத்திற்கு ஏற்ற இடம். டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய் நீரின் 50 மாதிரிகளில் 2இலும் என்டிஎம்-1 இருந்ததை 2011ஆம் ஆண்டு ஆய்வு வெளிப்படுத்தியது.

மரபணு சாதி பார்ப்பதில்லை; அது பாயும் சாக்கடையில் யாரை இறக்குவது என்பதைச் சாதியே முடிவு செய்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னரும் அங்கு இறக்கப்படுவோரில் பெரும்பாலோர் தலித்துகளே. இப்பாக்டீரியா எந்த நோயும் காட்டாமல் குடலில் தங்கியிருக்கக்கூடும். பின்னொரு நாள் அறுவை சிகிச்சையோ சிறுநீர்த் தொற்றோ நேரும்போது வழக்கமான மருந்துகள் கைவிடும்; மாற்று மருந்தின் விலை தினக்கூலிக்கு எட்டாது.

மருத்துவக் கழிவைக் கையாள்வோருக்குத் தடுப்பூசியும் பாதுகாப்புக் கவசமும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனையும் அளிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவ்விதிகள் குறிப்பிடும் மஞ்சள்காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் இப்பாக்டீரியாவைத் தடுக்கா. கையுறையும் காலணியும் குளிக்கும் இடமும்தான் காப்பு. ஒப்பந்ததாரரும் மருத்துவமனையும் பொறுப்பை மாற்றி மாற்றித் தள்ளும்போது அவையும் கிடைப்பதில்லை.

எனவே நாம் கோருவன மூன்று: மருத்துவமனைக் கழிவுநீரை அவ்வளாகத்திலேயே சுத்திகரித்து வெளியேற்றுக, ஒப்பந்தப் பணியாளரின் பாதுகாப்புக்கு மருத்துவமனை நிர்வாகத்தையே நேரடிப் பொறுப்பாக்குக, மருந்து எதிர்ப்புத்திறன் கண்காணிப்பில் தூய்மைப் பணியாளரின் உடல்நிலையையும் தனியே பதிவு செய்க.