நோட்டீஸில் இல்லாத பெயர்

நாமக்கல், ராசிபுரம் பக்கம் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். உபயதாரர் பெயர்கள் தகப்பனார் பெயரோடும் தோட்டத்துப் பெயரோடும் வரிசையாக நிற்கும். ஒன்று விட்டுப்போனால் ஊரில் பஞ்சாயத்துதான். விடிய விடியப் பாடப் போகிறவருக்கோ, ‘இரவு உடுக்கைப் பாட்டு நடைபெறும்’ என்று ஒரே வரி.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2006இல் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். பெயர்: ‘வீ ஷல் ஓவர்கம்: த சீகர் செஷன்ஸ்’. பாஞ்சோவும் கையுமாகத் தொழிலாளர் கூட்டங்களிலும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்களிலும் பாடிய பீட் சீகருக்குச் செய்த மரியாதை அது. சீகருக்கு அப்போது 86 வயது. நியூஜெர்சியில் ஸ்பிரிங்ஸ்டீனின் பண்ணை வீட்டில், ஒத்திகை இல்லாமலே பதிவு நடந்தது. கூடத்தில் இடம் போதாமல் ஊதுகருவிக்காரர்கள் நடையில் நின்று வாசித்தார்கள்! இதில் கவனிக்க வேண்டியது, பாடல்கள் பெரும்பாலும் சீகர் எழுதியவை அல்ல. கப்பல்காரர்கள், கூலிகள், தேவாலயத்து மக்கள் பாடிய பழம்பாட்டுகள். சீகர் அவற்றைக் கற்று அடுத்தவர் வாயில் போட்டவர். அதற்கே அவர் பெயர் அட்டையில் ஏறியது.

நம் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. 1965இல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் ஈ.சி. ராமசாமி உடுக்கையடித்து அண்ணன்மார் கதையைப் பாட, பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் டேப்பில் பிடித்தார். அது 1992இல் புத்தகமானது, பிறகு அனிமேஷன் தொடராகவும் வந்தது. டேப் ஓடியதால் ராமசாமியின் பெயர் மிஞ்சியது. அதே கதையைக் காவிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாடித் திரிந்த மற்றவர்கள்? அந்தக் கதை ‘பொன்னர் சங்கர்’ என்று 2011இல் இளையராஜா இசையில் சினிமாவாகவே வந்துவிட்டது. அந்தப் பாடகர்கள் இன்னும் பெயரில்லாத ‘குழுவினர்’தான்.

பெயர் விஷயத்தில் இந்தக் காலமும் லேசுப்பட்டதில்லை. 2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டை ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதினார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் அவர். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இசை இதழின் அட்டையில் அந்தப் பாட்டை அவரோடு பாடிய தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவைக் காணோம். சர்ச்சை கிளம்பிய பிறகே அவருக்கும் ஓர் அட்டை வந்தது. சண்டை போடத் தெரிந்தவருக்கே இந்த நிலை என்றால் உடுக்கைக்காரர் எம்மாத்திரம்?

மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ இதழ் நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன், கூத்துக் கலைஞர்களைப் பெயர் சொல்லி மேடையேற்றி மரியாதை செய்துவருகிறார். பாட்டுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சேலத்து இசைக்காரர் யாராவது ஓர் உடுக்கைப் பாடகருக்கென்று தொகுப்பு போட நினைத்தால், முதல் வேலையாகத் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பதிவு செய்யட்டும். அட்டையில் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டுத் தப்பிக்காமல் அவர் பெயரையும் ஊரையும் அச்சிடட்டும். வரும் பணத்தில் பங்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசி, காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடட்டும்.