மெசின் மட்டும் போதுமா?

மூச்சு விட்டாலே நுரையீரலில இருக்கிற கட்டி இடம் மாறும். அதனால்தான் கதிர் பாய்ச்சுவதற்குச் சற்று முன், அதே மெசினிலேயே ஸ்கான் எடுத்துக் குறியைச் சரிபார்க்கிற முறை வந்தது. டேவிட் ஜாஃப்ரே குழுவினர் 2002இல் அமெரிக்காவில் இதற்கு வழி காட்டினார்கள். பிறகு அவர் எங்கட சனம் நிறைய வாழுகிற ரொறன்ரோவில் வேலை செய்தார்.

சரி, வன்னிக்கு இதில என்ன? கதிர்ச் சிகிச்சைக்கு எங்கட ஆக்கள் பெரும்பாலும் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போகவேணும். கிழமைக்கு ஐந்து நாள், பல கிழமைகள். இடையில விட்டால் பலன் குறையும். முல்லைத்தீவில கூலிவேலை செய்கிற அம்மா அவ்வளவு நாளும் எங்கே தங்குவா, வீட்டை ஆர் பார்க்கிறது?

மில்லிமீற்றர் கணக்கில குறிபார்க்கிற மெசின் வேணும்தான். நாங்கள் கேட்கிறது, தங்குமிடத்தையும் பயணச்செலவையும் சிகிச்சையின்ர பகுதியாகவே கணக்கில எடுங்கோ எண்டுதான். ஆள் வந்து படுத்தால்தானே மெசின் குறிபார்க்கும்?