பழைய ஸ்கார்பியோவா, ஸ்கார்பியோ-என்-ஆ? கீழ்பென்னாத்தூர் டு செஞ்சி... ஒரு ஃபேமிலி டெஸ்ட்!

"பாப்பா, நீ ஆபீஸ்ல கார் பத்தியெல்லாம் எழுதற இல்ல? என் வண்டிய குடுத்துட்டு புதுசு எடுக்கலாமா, வேணாமா... ஒருவாட்டி ஓட்டிப் பார்த்துச் சொல்லிட்டுப் போ."

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் மாமா போனில் இப்படிக் கேட்டதும் சனிக்கிழமை காலையே பஸ் ஏறிவிட்டேன். மாமாவிடம் இருப்பது 2016 மாடல் மஹிந்திரா ஸ்கார்பியோ, 9 சீட். கல்யாணம், காதுகுத்து, கரும்பு லோடு கணக்குப் பார்க்க, பௌர்ணமி கிரிவலத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான். அவர் கண் வைத்திருப்பது ஸ்கார்பியோ-என் மீது. மாமாவின் நண்பர் ஒருவர் போன வருஷம்தான் டீசல் மேனுவல், 7 சீட் எடுத்திருந்தார். ஒரு நாளைக்கு இரவல் கேட்டோம்; சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டார்.

அதனால் இந்த வாரம் கம்பெனி தரும் டெஸ்ட் கார் இல்லை. இரண்டுமே வீட்டு வண்டிகள். இரண்டையும் ஒரே ரூட்டில், ஒரே ஆட்களோடு ஓட்டினேன். முன்னால் மாமா. நடுவில் ஆயாவும் அத்தையும். கடைசியில் மாமாவின் பேரப் பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 8. கூடவே செஞ்சியில் இறக்க வேண்டிய இரண்டு மூட்டை மல்லாட்டை.

பேர் ஒண்ணு, வண்டி ரெண்டு

முதலில் ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். ஸ்கார்பியோ முதன்முதலில் வந்தது 2002-ல். 2014-ல் புது சேஸியோடு பெரிய மாற்றம் கண்டது. மாமாவின் வண்டி அந்தத் தலைமுறை. 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல், 120 பிஎச்பி பவர், 280 என்எம் டார்க், 5 கியர்.

ஸ்கார்பியோ-என் அறிமுகமானது 2022 ஜூன் 27-ல். புக்கிங் திறந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தது அப்போது பெரிய செய்தி. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஃபிரேம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாமே வேறு. நான் ஓட்டிய டீசல் மேனுவலில் 175 பிஎஸ் பவர், 370 என்எம் டார்க், 6 கியர். நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: இந்த வண்டியை எஞ்சினீயரிங் செய்தது செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ரிசர்ச் வேலியில். கீழ்பென்னாத்தூரிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள்.

பழைய ஸ்கார்பியோவும் போய்விடவில்லை. 2022 ஆகஸ்ட்டில் 'ஸ்கார்பியோ கிளாசிக்' என்ற பெயரில் 132 பிஎஸ், 300 என்எம், 6 கியரோடு மறுபடி வந்தது. அதனால், 'பழைய மாதிரியே புதுசு வேணும்' என்பவர்களுக்கும் இந்த ஒப்பீடு உதவும்.

ஏரிக்கரை ரோடு

முதல் டெஸ்ட், ஊருக்குள்ளேயே. வேட்டவலம் பக்கம் போகும் ரோட்டிலிருந்து பிரியும் ஏரிக்கரைப் பாதை. மழையில் அரித்த குழிகள், போர்டே இல்லாத வேகத்தடைகள்.

பழைய ஸ்கார்பியோ இதில் தாராளமாகப் போகிறது. ஆனால், ஒவ்வொரு குழியையும் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும். ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் மொத்த பாடியும் அந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் ஆடி நிற்கும். கார் பாஷையில் இதற்குப் பெயர் 'பாடி ரோல்'. ஆயாவின் பாஷையில், "தேர் மாதிரி ஆடுது".

அதே குழிகளில் ஸ்கார்பியோ-என் ஒரு தடவை இறங்கி ஏறி, அத்தோடு அடங்கிவிடுகிறது. காரணம் இரண்டு. ஒன்று, இதன் ஷாக் அப்ஸார்பருக்குள் இருக்கும் வால்வு. சின்னச் சின்ன அதிர்வு வேகமாக வரும்போது மிருதுவாகவும், பாடி பெரிதாக ஆடும்போது இறுக்கமாகவும் அது வேலை செய்கிறது. இரண்டாவது, பின் ஆக்ஸிலில் இருக்கும் 'வாட்ஸ் லிங்கேஜ்'. நடுவில் சுழலும் ஒரு சின்ன இணைப்பு, ஆக்ஸில் இடம் வலமாக நகராமல் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கம் இழுத்துப் போடும் அந்தப் பழைய உணர்வு இதில் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இதுவும் லேடர் ஃபிரேம் வண்டிதான். கார் மாதிரி பஞ்சு மெத்தையை எதிர்பார்க்காதீர்கள். ஆள் குறைவாக இருந்தால் பின்பக்கம் கொஞ்சம் துள்ளத்தான் செய்கிறது. ஆனாலும் முட்டி வலி இருக்கும் ஆயா, "இதுல இடுப்பு நோவல" என்று சொன்னதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் என்னிடம் இல்லை. ஏறி இறங்கத்தான் இரண்டிலுமே ஒரு கை பிடித்துவிட வேண்டியிருந்தது.

செஞ்சி ரோடு

கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பௌர்ணமி என்றால் புதுச்சேரி, திண்டிவனம் பக்கத்து வண்டிகள் எல்லாம் இந்த ரோட்டில்தான் திருவண்ணாமலைக்கு வரும். சாதாரண நாளில் பஸ், கரும்பு டிராக்டர், ஓரத்தில் காயப் போட்ட தானியம், நடுவில் திடீரென்று குறுக்கே வரும் ஆடு.

முதலில் பழைய வண்டி. இரண்டாயிரம் ஆர்பிஎம் வரை யோசிக்கிறது, அதற்குப் பிறகு இழுக்கிறது. பஸ்ஸை ஓவர்டேக் செய்ய வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு கியர் குறைத்துத் தயாராக இருக்க வேண்டும். 80-ஐ நெருங்கும்போதே காற்றுச் சத்தம், எஞ்சின் சத்தம், ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன நடுக்கம். யாரும் சொல்லாமலே கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்துவிடுகிறது.

திரும்பி வந்து, அதே ஆட்கள், அதே மூட்டைகளோடு ஸ்கார்பியோ-என். 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கும் கிடைப்பதால் நாலாவது கியரிலிருந்தே பஸ்ஸைத் தாண்ட முடிகிறது. கிளட்ச் லேசு. ஜிப், ஜாப், ஜூம் என்று மூன்று டிரைவ் மோடுகள். 'ஜாப்'பில் வைத்தாலே இந்த ரோட்டுக்குத் தாராளம். கேபினுக்குள் அவ்வளவு அமைதி. பிள்ளைகள் பாட்டு கேட்டார்கள், போட்டேன். மாமா நெல் விலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் எங்கேயோ 'பீப்' என்றது. பாட்டுச் சத்தத்தில் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது முறை கேட்டதும் மாமா மீட்டரை எட்டிப் பார்த்தார். "பாப்பா, எவ்ளோல போற?"

70 இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீட்டரில் 92.

காலை எடுத்தேன். அடுத்த வளைவு தாண்டியதும் ரோட்டை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு கரும்பு டிராக்டர். பின்னால் சிவப்பு விளக்கு, ரிஃப்ளெக்டர் எதுவும் கிடையாது. பிரேக் பிடித்தேன், நேர்க்கோட்டில், அலுங்காமல் வேகம் குறைந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 70-ல் போகும் வண்டி ஒரு நொடிக்கு 19 மீட்டர் ஓடும். 92-ல் 25 மீட்டருக்கும் மேல். பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதாவது, 70-ல் தேவைப்படுவதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வேக வரம்பின்படி, ஊருக்கு வெளியே நடுத்தடுப்போடு நாலு வழியாக இல்லாத ரோட்டில் கார்களுக்கு உச்ச அளவே 70தான். நான் ஓட்டியது தப்பு. வண்டி அதை எனக்கு உணர்த்தவே இல்லை.

அந்த 'பீப்' சத்தம் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான எல்லா கார்களிலும் கட்டாயம். 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120-ஐத் தாண்டினால் நிற்காமல் ஒலிக்கும். 2016 வண்டியில் அது கிடையாது. மாமா சொன்னது இது: "என் வண்டி 80-லயே கத்த ஆரம்பிச்சிடும். இது 90-லயும் ஒண்ணும் பேசாம போவுது. நாமதான் பார்த்துக்கணும்."

ஸ்கார்பியோ-என் வாங்கப்போகிறவர்கள் முதல் ஒரு மாசம் பாட்டு போடாமல், மீட்டரைப் பார்த்தே ஓட்டிப் பழகுங்கள் என்பேன். பழைய வண்டியில் காதும் கையும் செய்த வேலையை இதில் கண்தான் செய்ய வேண்டும்.

செஞ்சி பஜார்

ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே செஞ்சிக்குள் நுழைந்தால், அடுத்த பரீட்சை பஜார் தெரு. பழையதில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் தோளுக்கு வேலை. ஸ்கார்பியோ-என்னில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். ஒரு கையால் திரும்புகிறது.

ஆனால் அகலம்! இப்போது விற்கும் கிளாசிக்கின் அகலம் 1,820 மி.மீ., ஸ்கார்பியோ-என் 1,917 மி.மீ. கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் வித்தியாசம். தள்ளுவண்டிக்கும் டூவீலர் வரிசைக்கும் நடுவில் அந்த 10 சென்டிமீட்டர் நன்றாகவே தெரிகிறது. நீளத்திலும் 20 சென்டிமீட்டர் அதிகம். உங்கள் வீட்டு கேட்டை டேப் வைத்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

கடைசி வரிசை

பிக்-அப், மைலேஜ், ஸ்டைல் என்று பேசுகிற நாம் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது கடைசி சீட்டை. எனக்கு இந்த டெஸ்ட்டில் பெரிய வித்தியாசமாகப் பட்டது அதுதான்.

மாமாவின் 9 சீட் வண்டியில் பின்னால் எதிரெதிரே பார்த்த பெஞ்ச். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு, பின் கண்ணாடி வழியாகப் போகிற வண்டிக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டு வருவார்கள். நானும் சின்ன வயசில் அப்படிப்பட்ட சீட்டுகளில் வளர்ந்தவள்தான். ஆனால், அங்கே சீட் பெல்ட் இல்லை. வண்டி சடாரென்று நின்றால், முன்னோக்கி உட்கார்ந்தவரை பெல்ட்டும் முன் சீட்டின் முதுகும் தாங்கும். பக்கவாட்டில் உட்கார்ந்த பிள்ளையை எதுவும் தாங்காது. மோட்டார் வாகன விதியிலும் பின்னால் பெல்ட் கட்டாயம் என்பது முன்னோக்கிய சீட்டுகளுக்குத்தான்.

ஸ்கார்பியோ-என்னில் மூன்றாவது வரிசை முன்னோக்கி இருக்கிறது. இரண்டு பேருக்கும் பெல்ட் உண்டு. பெரியவர்களுக்கு அந்த இடம் சங்கடம், முட்டி மார்புக்கு வரும். அந்த வரிசைக்குத் தனி ஏசி வென்ட்டும் கிடையாது. ஆனால், பிள்ளைகளுக்குப் போதும்.

கிராஷ் டெஸ்ட் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2016-ல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜியம் ஸ்டார். ஸ்கார்பியோ-என்னுக்கு 2022 டிசம்பரில் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார், பிள்ளைகள் பாதுகாப்பில் 3 ஸ்டார். விளம்பரத்தில் 5 மட்டும்தான் பெரிதாகத் தெரியும். பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் அந்த 3-ஐயும் நினைவில் வையுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் இடமே இல்லை. பழைய வண்டியில் பெஞ்ச்சுகளுக்கு நடுவில் படுத்துக்கிடந்த இரண்டு மூட்டை மல்லாட்டையை இதில் வைக்க இடம் தேடினோம். ஒன்று நடு சீட்டில் அத்தை பக்கத்தில், இன்னொன்று மாமாவின் காலடியில். "ஆளுக்கு எடுத்த வண்டிபா இது, மூட்டைக்கு இல்ல" என்றார் மாமா. சரியான விமர்சனம்.

யாருக்கு எது?

வயல், லோடு, குண்டும் குழியும்தான் தினசரி வேலை, கடைசி வரிசையில் மூட்டைதான் ஏறும் என்றால் பழைய ஸ்கார்பியோவை விற்க அவசரமே இல்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கக்கூடிய வண்டி. அது பலம்தான்.

மாசத்துக்கு நாலு முறை குடும்பத்தோடு ஹைவேயில் போகிறீர்கள், ஆயாவும் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் ஸ்கார்பியோ-என் ஓட்டுவதில் ஒரு தலைமுறை முன்னால் இருக்கிறது. 175 பிஎஸ் அதற்கு முதல் காரணம் இல்லை. ஆட்டம் குறைந்த சஸ்பென்ஷன், நம்பிப் பிடிக்கக்கூடிய பிரேக், எல்லோருக்கும் முன்னோக்கிய சீட், பெல்ட். எடுக்கும்போது வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக் என்று கேளுங்கள். இரண்டிலிருந்து ஆறு வரை மாறும். சன்ரூஃபை அப்புறம் பார்க்கலாம்.

மாமா இன்னும் முடிவு எடுக்கவில்லை. அறுவடைப் பணம் வரட்டும் என்கிறார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம், பிள்ளைகளை அவர்கள் வீட்டில் விடப் பழைய ஸ்கார்பியோவை எடுத்தபோது சின்னவள் வழக்கம்போலப் பின்கதவைத் திறக்கப் போனாள். மாமா கூப்பிட்டார்.

"ஏ குட்டி, இனிமே அங்க இல்ல. நடுவுல வா, ஆயா பக்கத்துல."

பெல்ட்டையும் அவரே மாட்டிவிட்டார்.