கைக்கு ஓர் இணைப்போ, மனைக்கு ஓர் இணைப்போ?

ஒரு வீட்டில் விளக்கு ஒன்றே உண்டெனின், அதனை எங்கே வைப்பது என்பது குடும்பம் முழுவதையும் பொறுத்த வினாவாகும். இக்காலத்தில் இணையத் தொடர்பும் அத்தகைய விளக்காகிவிட்டது. ஆசிரியர் அனுப்பும் பாடக் குறிப்பும், கடந்தகால வினாத்தாளும், 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களைத் தொகுத்துவரும் நூலகம் என்னும் மின்னூலகமும் அதன் வழியே வீட்டை அடைகின்றன. அவ்விளக்கைத் தந்தையார் மடியிற் கட்டிக்கொண்டு வயலுக்குச் செல்வதா, நடுவீட்டில் நிறுத்துவதா என்பதே யாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினா பழைய மாணவரையும் சார்ந்தது. வன்னியிற் பயிலும் பிள்ளைகளுக்கு உதவ விழையும் வெளிநாட்டு அன்பர் பலர், கையடக்கத் தொலைபேசி ஒன்றை வாங்கி அனுப்புவதையே முதலில் நினைக்கின்றனர். அவர்தம் அன்பு போற்றத்தக்கது. ஆயினும், அதே பணத்தை வீட்டுக்குரிய கம்பியில்லா இணைப்பிற் செலவிடுதல் பெரும்பாலும் நற்பயன் தரும் என்பது எமது துணிபு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். வாட்சப்பிலும் சூமிலும் வகுப்புகள் நடந்தன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் தொலைபேசி ஒன்றே இருப்பின், மூத்தவன் உயர்தர வகுப்பில் அமர, இளையவள் தன் பாடத்தை இழந்தாள். தந்தையார் அதனை எடுத்துக்கொண்டு தொழிலுக்குச் சென்றாலோ மூவரும் இழந்தனர். ஊவா மாகாணத்துப் போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து பாறை உச்சியில் ஏறிச் சிக்னல் தேடியதை 2021இற் செய்தித்தாள்கள் உலகறியச் செய்தன. அவர்களுக்குக் குறையாயிருந்தது சிக்னல். வன்னியிற் பல வீடுகளிற் சிக்னல் இருந்தும், அதனைப் பகிரும் வழி குறையாயிருந்தது.

கைபேசியும் வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் கோபுரத்திலிருந்தே அலையைப் பெறுவன. வேறுபாடு யாதெனின், ரவுட்டர் ஓரிடத்தில் நிலைத்து நின்று, பெரிய அன்ரனாவாற் பெற்றதை வைஃபை வழியாக வீட்டிலுள்ளார் பலர்க்கும் ஒருங்கே பங்கிட வல்லது. கைபேசியும் 'ஹொட்ஸ்பொட்' வழியாற் பங்கிடும் எனச் சிலர் கூறுவர். உண்மையே; ஆனால் அதன் மின்கலம் விரைவில் தீரும்; உடையவர் வெளியே சென்றால் தொடர்பும் உடன் செல்லும். அன்றியும், கைபேசி யாருடையதோ அவருக்கே முதலுரிமை. பெண்பிள்ளையின் முறை இறுதியில் வருவதை யாம் பல வீடுகளிற் கண்டிருக்கின்றோம். நடுவீட்டு இணைப்பு அம்முறையை மாற்றும். பிள்ளை எதைப் பார்க்கிறது என்பதைப் பெற்றோர் அறியவும் இடந்தரும்.

எனினும், மனையிணைப்பு எவ்விடத்திற்கும் ஏற்றதென யாம் கூறவில்லை. நம் நாட்டில் வீட்டிணைப்புக்குப் பயன்படும் அலைகளுட் சில, 2300 மெகாஹேட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்ணின. அவை 900 மெகாஹேட்ஸ் அலைபோல் நெடுந்தூரம் செல்லா; அடர்ந்த மரங்கள் அவற்றைத் தடுக்கும்; மழையில் நனைந்த இலைகள் இன்னும் மிகுதியாகத் தடுக்கும். ஆதலின் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிற் கைபேசி மணி ஒலிக்கும் வீட்டிலும் ரவுட்டர் வாளாவிருத்தல் கூடும். பணம் கட்டுமுன், அதே வகை ரவுட்டரை அயலாரிடம் இரவல் பெற்று, பயன்பாடு மிகும் இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை சோதித்தறிதல் வேண்டும்.

மின்தடையும் கருதற்பாலது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அவ்வேளையிற் கைபேசி உயிரோடிருந்தது, ரவுட்டர் உறங்கியது. ஆயின், ரவுட்டர்கள் பல 12 வோல்ற்று மின்னிலேயே இயங்குவன. அதற்கேற்ற சிறு மின்கலம் ஒன்றை உடன் வாங்கினால் இக்குறை பெரிதும் நீங்கும். பொதிகளிலும் கவனம் வேண்டும். சில பொதிகளின் டேட்டாவில் ஒரு பங்கு நள்ளிரவின் பின் மட்டுமே பயன்படும். உறங்கும் பிள்ளைக்கு அப்பங்கு உதவாது. அதனைக் கணக்கிற் சேர்த்து மயங்குதல் கூடாது.

ஆகவே எமது முடிபு இது: ஒருவரே உள்ள வீட்டிற்கும், தொழிலின்பொருட்டு ஊர்தோறும் செல்வார்க்கும் கைபேசி இணைப்பே போதும். பயிலும் பிள்ளைகள் இருவர்க்கு மேற்பட்ட வீட்டில், சோதனையிற் சிக்னல் கிடைப்பின், மனையிணைப்பே முந்துக. நகரத்தில் ஒளியிழைத் தொடர்பு கிடைப்பின் அது இன்னும் சிறப்பு. எக்கோபுரமும் எட்டாத கிராமத்திற்கு, 2025 ஜூலையில் இலங்கையிற் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதித் தொடர்பு உண்டு. அதன் செலவு கூலித் தொழிலாளர் குடும்பத்திற்கு எட்டாதாயினும், பலர் கைகொடுத்தால் ஒரு சனசமூக நிலையத்திற்கு எட்டும்.

பழைய மாணவ அன்பர்களே! இணைப்பை ஒருமுறை பெற்றுக் கொடுத்தலோடு கடமை முடிவதில்லை. மாதக் கட்டணம் கட்ட இயலாது இரண்டாம் மாதமே நின்றுபோகும் ரவுட்டராற் பயன் யாது? ஒரு வகுப்பினர் ஒன்றுகூடி, சில குடும்பங்களையேனும் தெரிந்து, பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை அவற்றின் மாதக் கட்டணத்தை ஏற்றுக்கொள்வாராயின், அதுவே நம் கல்லூரித் தாய்க்கு இவ்விழா ஆண்டிற் செய்யும் தக்க கைம்மாறாகும்.