பொறியின் அகமும் அறிதல் வேண்டும்

கணினியை இயக்கக் கற்ற மாணாக்கர் எமது கல்லூரியிற் பலர். அதனகத்தே யாது நிகழ்கின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. தமிழாசிரியன் இது பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகலாம். ஆயினும் இவ்விடயந் தமிழையுந் தொடுகின்றது.

‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் எழுத்து எத்தனை? 3 என்பான் கீழ்வகுப்புச் சிறுவன். பைதன் மொழியில் வினவினால் கணினி 5 என்கின்றது. இன்று பெருவழக்காயுள்ள யூ.ரி.எப். 8 முறையிற் சேமித்த அதே சொல்லைச் சி மொழியில் அளந்தால் 15 என்கின்றது. இவற்றுட் பொய் ஏதுமில்லை. யுனிகோட் முறை அச்சொல்லை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்குகின்றது. தகரத்தின் எண் 2980. நினைவகத்திலோ அது 224, 174, 164 என மூன்று பைற்றுகளாய்க் கிடக்கும். ஏனைய நான்கும் அவ்வாறே. இன்னொன்றுங் காண்க: ககர மெய்யோடு அகரஞ் சேர ‘க’ பிறக்கும் என்பது நம் இலக்கணம், பொறியோ ‘க’வோடு புள்ளியைச் சேர்த்தே மெய்யைப் பெறுகின்றது! தொல்காப்பியங் கற்றோன் இதைக் கண்டு வாளா இரான்.

ழகரத்தின் எண் 2996. வகரத்தின் எண் 2997. ஆகவே எண்ணையே நம்பிச் சொற்களை நிரைப்படுத்துஞ் செய்நிரல் ‘அவல்’ என்பதற்கு முன் ‘அழகு’ என்பதை வைக்கும். எந்த அகராதி இதனை ஏற்கும்? நெடுங்கணக்கின் முறையைத் தனி அட்டவணையாகக் கொடுத்து இதனைத் திருத்தலாம், திருத்தியோரும் உளர். நெடுங்கணக்கையும் பொறியின் அகத்தையும் ஒருங்கே அறிந்தோர் நம்மிடையே பெருகாவிடின், நம் எழுத்தின் வரிசையைப் பிறரே தீர்மானிப்பர்.

மோட்டார் ஓட்டுவோன் எஞ்சினைப் பிரித்தறிதல் வேண்டுமோ என்பர். வேண்டா. ஆனால் ஊரில் ஒருவனேனும் அறியாவிடின் வண்டி தெருவில் நிற்கும். செயற்கை நுண்ணறிவே செய்நிரலை எழுதித் தருகின்றதே என்பாருமுளர். தருகின்றதுதான், தந்ததன் சரி பிழையை உணர்வார் யார்?

மேல்வகுப்பில் விருப்பமுள்ள பத்துப் பேருக்கேனும் சி மொழியையும், பொறிக்கு இன்னும் அணித்தான அசெம்பிளி மொழியிற் சிறிதளவையுங் கல்லூரி கற்பித்தல் வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பழங்கணினியே போதும். பைதனை இயக்குஞ் செய்நிரல் சி மொழியில் எழுதப்பெற்று, எவரும் வாசிக்கத் திறந்து கிடக்கின்றது, லினக்சும் அத்தகையதே. கொழும்பிலுங் கடல்கடந்தும் இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர், ஊர் வரும்போது ஒரு சனிக்கிழமையை எமக்கு ஒதுக்குவாராக. ‘தமிழ்’ என்னுஞ் சொல்லின் 15 எண்களையும் மாணாக்கர் நினைவகத்தில் தேடித் தாமே எழுதிக் காட்டுவது முதற் பாடமாகலாம்.