பந்தல் ரோஜாவுக்குப் போர்வை இல்லை

தில்லியில் ரோஜா பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில்தான் போக வேண்டும். அந்த நினைப்போடு கனடாவுக்குப் போகிறவர்களுக்குத் தோட்டத்தில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. ஒட்டாவாவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது செய்தியே அல்ல. அங்கே வீடு வாங்கிய மகனோ மகளோ வாசலில் வளைவுப் பந்தல் போட்டுக் கொடி ரோஜா ஏற்ற ஆசைப்பட்டால், அடிக்கடி நடப்பது இதுதான்: நர்சரி அட்டவணையில் கண்ணைப் பறிக்கும் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். கோடையில் ஆறடி வளர்கிறது. பனி உருகியபின் பார்த்தால் தண்டெல்லாம் கருகிக் கிடக்கிறது. அடியிலிருந்து மறுபடி துளிர்க்கிறது, மறுபடி கருகுகிறது. நான்காம் ஆண்டும் பந்தல் மொட்டையாகவே நிற்கிறது.

செடி சாகவில்லை, ஆனாலும் பூக்கவில்லை. காரணம் எளிது. வேர் குளிரைத் தாங்குவது வேறு, தண்டு தாங்குவது வேறு. கொடி ரோஜாக்களில் பல, முந்தைய ஆண்டு வளர்ந்த தண்டில்தான் நிறையப் பூக்கும். அந்தத் தண்டு குளிரில் போனால் அந்த ஆண்டுப் பூவும் போயிற்று. புதர் ரோஜாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் மேல் விழும் பனியே அதற்குப் போர்வை. பந்தலில் ஏறிய தண்டோ வெட்டவெளியில் நிற்கிறது. பிப்ரவரி வெயிலும் காற்றும் அதன் ஈரத்தை உறிஞ்சும்போது, உறைந்த மண்ணிலிருந்து வேரால் தண்ணீர் அனுப்ப முடிவதில்லை. ஆகவே, பந்தலுக்கு ரோஜா வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, பூ என்ன நிறம் என்பதல்ல. எத்தனை டிகிரி வரை தண்டு தாங்கும் என்பதே.

இந்தக் கேள்வியை விஞ்ஞானமாக எடுத்துக்கொண்டவர் ஃபெலிசிடாஸ் ஸ்வேடா. ஒட்டாவாவின் மத்திய அரசுப் பரிசோதனைப் பண்ணையில் 1961ல் ரோஜா ஆராய்ச்சியைத் தொடங்கினார். குளிர் தாங்கும், நோய் தாங்கும், கோடை முழுதும் பூக்கும் செடிகளே அவருடைய இலக்கு. ஜெர்மனியின் வில்ஹெல்ம் கோர்டஸிடமிருந்து வந்த கோர்டசி இனம் இதற்குக் கைகொடுத்தது. பிறந்த ரோஜாக்களுக்கு, கனடாவைத் தேடி வந்த பயணிகளின் பெயர்கள் வைக்கப்பட்டன. ஜான் காபட் 1978ல் வந்தது. வில்லியம் பாஃபின் 1983ல். ஜான் டேவிஸ் 1986ல்.

இவற்றில் எதை எடுப்பது? வில்லியம் பாஃபின் மைனஸ் 35 டிகிரியிலும் பிழைக்கும் முரடன். பத்தடிக்குப் போகும், அடர் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆனால் வாசனை இல்லை என்றே சொல்லலாம். முள்ளும் அதிகம். மூன்றடி அகல வளைவில் ஏற்றினால் உள்ளே நுழைகிறவரின் சேலையும் சட்டையும் அதற்கே சொந்தம். அகலமான பந்தலுக்கு மட்டும் அது பொருந்தும். குறுகிய வாசலுக்கு ஜான் டேவிஸ் மேல். தண்டு வளைந்து கொடுக்கும், முள் குறைவு, லேசான வாசனையும் உண்டு.

1931ல் அமெரிக்காவின் முதல் தாவரக் காப்புரிமையைப் பெற்ற நியூ டான், வெளிர் ரோஸ் நிற அழகி. டொரான்டோவில் அது தாராளமாக வளரும். அதை நம்பி வின்னிபெக்கில் நட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரே நாடு என்பதால் ஒரே குளிர் என்று பொருளில்லை.

வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: ஒட்டுச்செடியா, சொந்த வேரில் வளர்ந்ததா? ஒட்டுக்கு மேலுள்ள பகுதி குளிரில் செத்தால், கீழேயிருந்து முளைப்பது வேறு ரோஜா. சொந்த வேர்ச்செடியில் எது துளிர்த்தாலும் அதே பூதான். ஒட்டுச்செடியே கிடைத்தால், ஒட்டுப் பகுதி நான்கைந்து அங்குலம் மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு உரம் வேண்டாம். இளந்தளிர்தான் முதலில் கருகும்.

குளிர் தாங்காத செடிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கட்டை அவிழ்த்து, கொடியை மெல்லச் சாய்த்து, மண்ணும் சருகும் போட்டு மூடி, ஏப்ரலில் தூக்கிக் கட்ட வேண்டும். இரண்டு வருடம் உற்சாகமாகச் செய்யலாம். பத்து வருடம் செய்ய முடியுமா என்பதை வாங்குமுன் யோசிப்பது நல்லது.

நம் பக்கத்திலும் இதே பாடம் தலைகீழாக உண்டு. வெயிலில் வாடும் ஐரோப்பிய ரோஜாக்களோடு மல்லுக்கட்டாமல், இந்தியாவின் காட்டு ரோஜா இனங்களைக் கலந்து வெப்பம் தாங்கும் வகைகளை உருவாக்கினார் கொடைக்கானலின் எம்.எஸ். வீரராகவன். அவர் வெயிலுக்குச் செய்ததை ஸ்வேடா குளிருக்குச் செய்தார். அடுத்த கோடையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் நர்சரிக்கும் கூடப் போங்கள். நட்டபின் பந்தல் நிறைய மூன்று ஆண்டாவது ஆகும். அதுவரை பொறுக்க வேண்டுமென்றால், தண்டு உயிரோடிருக்கும் செடிக்காகப் பொறுக்கலாம்.