ஒரு 'துணை' எழுத எத்தனை வேலை? தமிழ் ஃபான்ட் சொல்லும் கதை

நாமக்கல் லாரிகளில் 'முருகன் துணை' பார்த்திருப்பீங்க. தமிழ் ஃபான்ட் வடிவமைக்கப் பழகும் டிசைன் மாணவருக்கு அந்தத் 'துணை'யிலேயே பாதி சிலபஸ் இருக்கிறது.

முதலில் 'து'. தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும் அத்தனையும் வரைய வேண்டாம். 'க' ஒன்று, துணைக்கால், கொம்பு தனித்தனியாக வரைந்தால் கா, கெ, கொ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே சேர்த்துக்கொள்ளும். உகர, ஊகார வரிசையில் இது நடக்காது. கு, சு, து என மூன்றிலும் உகரம் மூன்று விதமாக ஒட்டுகிறது. 18 மெய்க்கும் இரண்டிரண்டு, ஆக 36 எழுத்தையும் தனியாக வரைந்தே ஆகணும். அதிலும் 'சூ' கீழே இறங்கும், 'கீ' மேலே ஏறும். ஆங்கிலத்தை மனதில் வைத்து வரி இடைவெளி விட்ட ஆப்களில் தமிழ் எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படுவது இதனால்தான்.

அடுத்து 'ணை'. பழைய புத்தகங்களில் இது தும்பிக்கை வைத்த ஒற்றை எழுத்து. பக்கத்து ஈரோட்டுக்காரரான பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் எளிய வடிவத்துக்கு மாறிவிட்டார். தமிழக அரசு 13 எழுத்துகளுக்கு அதை ஏற்றது 1978-ல்.

அப்போ அந்த 36-ஐயும் மாற்றலாமே? வா.செ. குழந்தைசாமி அதைத்தான் வலியுறுத்தினார், பிள்ளைகள் கற்க எளிது என்று. எதிர்ப்பு பலமாக இருந்தது, நடக்கவில்லை. ஈய அச்சுக் காலமாக இருந்தால் அச்சகங்களும் அவர் பக்கம் நின்றிருக்கும். இப்போது ஒருவர் ஒருமுறை வரைந்தால் போதும். பிரியா ரவிச்சந்திரனின் 'கேட்டமரான்' ஃபான்ட் 9 தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கிறது. மெலிந்ததையும் தடித்ததையும் வரைந்தால் நடுவில் உள்ளவற்றை மென்பொருளே கணக்குப் போட்டுத் தந்துவிடும். தடித்த 'ண'-வின் சுழிகளுக்குள் வெள்ளை அடைபடாமல் பார்ப்பது மட்டும் இன்னும் கண் வேலைதான்.